குழாய்

ஞாயிறு காலை
முகமெல்லாம் சோப்பு நுரையோடு வால்திர் நின்றபோது
குழாய் ஒருமுறை இருமியது. அவ்வளவுதான்.
பதினோரு மாடி ஏறி வர
சாவ் பாவ்லோ தண்ணீருக்கு மனசில்லை.

துண்டால் துடைத்துக்கொண்டு
"கிளம்புங்கள்" என்றான்.
எங்கே என்றால் அவனுக்கே தெரியாது.
தாயினா இரவு உடைக்குமேல் ஸ்வெட்டரை மாட்டினாள்.
கயீக்கேயின் செருப்புகள் இரண்டு வேறு ஜோடி.
நேற்று ஊறப்போட்ட துணி
இன்னும் ஊறட்டும் என்று விட்டுவிட்டேன்.

சந்தையில் ஆளுக்கொரு பஸ்தேல்,
நால்வருக்கும் ஒரே கரும்புச்சாறு.
கடைசி மடக்குக்குச் சண்டை.

அப்புறம் மேம்பாலம்.
ஞாயிறன்று அதில் கார்கள் கிடையாது.
மற்ற நாளெல்லாம் இதே பாலத்தில்
யார் யாரையோ ஏற்றிக்கொண்டு போகிறவன்
நடக்கப் பயந்தவன்போல்
சுவரை ஒட்டியே வந்தான்.
"நடுவில் வா அப்பா!"
கையைப் பிடித்து இழுத்தாள் தாயினா.

ஓரிடத்தில் நின்றான்.
"இங்கேதான் எஞ்சின் நின்றுபோனது.
பின்னால் அத்தனை ஹாரன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதேன்."
எப்போது?
"மார்ச்சில்."
எனக்குச் சொல்லாத ஒரு மார்ச்.

கயீக்கே அதே இடத்தில்
வெள்ளைக் கோட்டின்மேல் மல்லாந்து படுத்தான்.
பிறகு தாயினா. பிறகு நாங்கள்.
கைக்கெட்டும் ஜன்னலில் பூண்டு வதக்கிக்கொண்டிருந்தவள்
எட்டிப் பார்த்து, சிரித்து,
அடுப்பைத் தணிக்கப் போனாள்.

அப்போதுதான் தாயினா கேட்டாள்:
"அம்மா, குழாயை மூடினோமா?"

வால்திர் என்னைப் பார்த்தான்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
தண்ணீர் இந்நேரம் வந்திருக்கும்.

தார் முதுகுக்கு இதமாகச் சுட்டது.
யாரும் எழவில்லை.