எட்டாவது மணி

குளிர்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.
சுண்டுவிரல் உயரம்.
ரடோவான் ஒருமுறை தெரியாமல்
வெண்ணெய்க்குப் பின்னால் தள்ளிவிட்டான்.
அன்று வீட்டில் நடந்ததைச் சொல்லமாட்டேன்.

ஒலொமோட்ஸ் மருத்துவமனை.
மண்டைக்குள் பட்டாணி அளவுச் சுரப்பிக்கு மேலே
கட்டி ஒன்றைச் சுரண்டி எடுத்த மூன்றாம் நாள்
பக்கத்துக் கட்டில்காரியின் பூச்சாடியைக் குடித்தேன்.
கார்னேஷன்களை எடுத்துப் போர்வைமேல் வைத்துவிட்டு
தண்டு அழுகிய தண்ணீரை, அடிவரை.
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மறுநாள் சாடியில் புதுத் தண்ணீர் ஊற்றிவைத்தாள்,
பூ வைக்காமல்.

தாகம் என்கிறீர்கள்.
உங்கள் தாகம் கதவைத் தட்டும்.
என்னுடையதற்குச் சாவி இருந்தது.
ஊற்ற ஊற்ற இறங்கியது,
நாளுக்குப் பதினாறு லிட்டர்,
நிறமில்லாமல், மணமில்லாமல்,
என்னைக் கண்டுகொள்ளாமல்.
விட்கோவிட்சே உலையைக்கூட
இதைவிடக் குறைவாகக் குளிரவைக்கலாம் என்பான் ரடோவான்.
சிரிப்பேன். பிறகு ஓடுவேன்.

டிராம் ஓட்டுகிறவளுக்கு வரவேண்டிய நோயா இது?
ஆஸ்ட்ராவாவில் எட்டாம் எண் தடம் எனக்கு
நிறுத்தங்களின் வரிசை அல்ல:
தாழ்ப்பாள் இல்லாத மதுக்கடை,
சாவி தரும் பூக்கடைக்காரி,
ஜனவரியில் குழாய் உறையும் பணிமனை,
அதற்கப்புறம் புதர்.

முதலில் பொடி கொடுத்தார்கள்,
மாட்டுச் சுரப்பியை உலர்த்தி அரைத்தது.
இழுத்தால் தும்மல்;
தும்மினால் மருந்தில் பாதி ஜன்னல் கண்ணாடியில்.
எழுபத்தெட்டில் வந்தன இந்தச் சொட்டுகள்.

மருத்துவர் ஹினெகோவா என் டிராம் சீட்டின் பின்னால் வரைந்தாள்:
ஒன்பது மணிகள்.
ஆறு வளையமாக, மூன்று வாலாக.
மூளை கோர்ப்பதும் இதே மாலைதானாம்,
ஆனால் நிமிடங்களில் அறுந்துவிடும்.
இதில் முதல் மணியின் மூக்கைச் சீவிவிட்டு
எட்டாவதை
கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் கோர்த்திருக்கிறார்கள்.
உடம்பின் கத்தரி வரும், தடவிப் பார்க்கும்,
இது எந்தக் கை என்று குழம்பும்.
அந்தக் குழப்பத்தில்தான் நான் தூங்குகிறேன்.

முதல் இரவு அப்படித் தூங்கினேன்,
ரடோவான் மூன்று தடவை
என் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கும்படி.

ஜூலை. வெயில்.
பழக்கம் இருக்கிறதே, அது நோயைவிட விசுவாசம்.
தாகமில்லை, ஆனாலும் ஓட்டுநர் இருக்கைக்கடியில் மூன்று புட்டிகள்,
சிவப்பு விளக்குக்கு ஒரு மிடறு, பச்சைக்கு ஒன்று.
உள்ளே போனது வெளியே வரவில்லை.
இரத்தத்தில் உப்பு நீர்த்து நீர்த்து
தலைக்குள் பஞ்சு ஊறியது.
ஒலிபெருக்கியில் நான் அறிவித்த நிறுத்தங்கள்
இந்த ஊரிலேயே இல்லை.
மணியடித்தேன். எதிரே யாருமில்லை. மறுபடி அடித்தேன்.
உலைத் தொழிலாளி ஒருவர், ஓல்ட்ரிக் என்றார்கள் பிறகு,
கண்ணாடித் தடுப்பைத் தட்டி
"அம்மணி, சோர்னா வோடா என்று ஒரு நிறுத்தம் கிடையாது" என்றார்.
கருந்தண்ணீர்.
அதைத்தான் சொல்லியிருக்கிறேன், நான்கு முறை.

இப்போது புட்டிகள் இல்லை.
காலை இரண்டு சொட்டு, இரவு எட்டு மணிக்கு இரண்டு.
கேட்டால் மட்டும் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்
இரவுச் சொட்டைத் தள்ளிப்போடுகிறேன்.
தேங்கியது போகட்டும் என்று அவளே சொன்னதுதான்,
நான் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுகிறேன்.
ஒன்பதரைக்கு நாக்கின் ஓரத்தில்
அது வந்து நிற்கும்.
சாவி இல்லை இப்போது. தட்டுகிறது.

கொஞ்சம் நிற்கட்டும் என்று விடுவேன்.
எழுந்து போய்
ஒரு கோப்பை, ஒன்றே ஒன்று, நிரப்பிக் குடிப்பேன்.
என்ன ருசி.

பிறகு முட்டைகளுக்குப் பக்கத்தில் கை விடுவேன்.