பின் லேபிளுக்கு மூன்று வரி

புட்டியின் முன்பக்கம் எரிமலை.
அணைந்த எரிமலைதான்; வரைந்தவனுக்கு நல்ல பணம்.
பின்பக்கம் என்னுடையது.
மூன்று வரி, பொடி எழுத்து,
எதோடு பொருந்தும் என்று சொல்லி முடிக்க வேண்டும்.

பத்து வருஷமாக எழுதுகிறேன்
இந்த வுல்த்தூரே மலையடியில்.
மொஸ்காத்தோவுக்குப் பாதாம் பிஸ்கட்.
ரோஸேக்கு உப்பிட்ட காட் மீன்.
அல்யானிக்கோவுக்கு
ஆட்டிறைச்சி, முற்றிய பாலாடைக்கட்டி, பொறுமை.
பொறுமையை அடித்துவிட்டாள் இன்கொரொனாத்தா.
அதை யார் தட்டில் வைத்துத் தருவார்கள் என்றாள்.
முதலாளி அவள். பேனாவும் அவளுடையது.

எனக்குத் தெரிந்த பொருத்தங்கள் வேறு.
வங்கியிலிருந்து வந்த கடிதத்தோடு
குகை வாசலில் நின்றபடியே குடித்த அரை டம்ளர்.
டிராக்டர் கவிழ்ந்து கால் ஒடிந்த வித்தோவுக்கு
ஆஸ்பத்திரிக்குள் இருமல் மருந்துப் புட்டியில் போன சிவப்பு.
அவன் தங்கையின் நிச்சயம் முறிந்த மறுநாள்
கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்த பன்னிரண்டும்
ஒரே ராத்திரியில் காலி.
தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயம்.
இதெல்லாம் லேபிளில் ஏறாது.

பிறகு அந்த ஜூன்.
ஆலங்கட்டி, ஏழே நிமிஷம்.
கோழிமுட்டை அளவு என்றது ரேடியோ.
மேல்சரிவில் நான் பொறுக்கியவை கொண்டைக்கடலை அளவுதான்.
அதுவே போதுமாக இருந்தது.
கொடிகளுக்குக் கீழே பச்சைக் கூழ்.
"இந்த வருஷம் ஒன்றும் தேறாது"
என்றான் வித்தோ, ஊன்றுகோலால் மண்ணைக் குத்தி.
அவள் பதில் சொல்லவில்லை.
பூட்ஸைக் கழுவப் போனாள்.

நவம்பரில், மலை உச்சி வெளுத்த பிறகு,
மிச்சமிருந்ததைப் பறித்தோம்.
ஒரே ஒரு பீப்பாய்.
குகையின் கடைசி வளைவில் தள்ளி வைத்தாள்.
இரண்டு குளிர்காலம்
அதன் பக்கம் யாரும் விளக்கு கொண்டுபோகவில்லை.

பெர்காமோவிலிருந்து வியாபாரி வந்த அன்று
அவளே போய்க் குழாயைத் திறந்தாள்.
கண்ணாடியில் ஒரு துகள் இல்லை.
வண்டல் அடியில், தெளிவு மேலே.
தேறியிருந்தது.

துவர்ப்பென்றால் அப்படி ஒரு துவர்ப்பு,
கன்னத்தின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு
பதில் சொல்லாமல் விடமாட்டேன் என்றது.
அடுப்பில் எண்ணெய் காய்ந்தது.
உலர்ந்த மிளகாயைப் போட்டு மூன்று எண்ணி எடுத்தாள்;
நான்கு எண்ணினால் கரி.
வியாபாரி ரொட்டியைப் பிய்த்து,
மிளகாயை அதன்மேல் நொறுக்கி,
அந்தச் சத்தத்துக்கு அவரே சிரித்து,
மொத்தமும் எனக்கு என்றார்.
இருநூற்று எண்பதில் நாற்பது தருகிறேன் என்றாள்.
அதற்கு மேல் பேரம் பேச
அவருக்கு வாய் வரவில்லை;
வாயில் ரொட்டி இருந்தது.

ராத்திரி மூன்று வரி எழுதிக் கொடுத்தேன்.
இரண்டை அடித்தாள்.
மிஞ்சியது: ரொட்டி.
பேனாவை மூடப் போனவள், திரும்பத் திறந்து
அதற்குக் கீழே தன் கோணல் எழுத்தில் சேர்த்தாள்:
"உட்கார்ந்து குடிக்கவும்."

அந்த அரை டம்ளரை
நான் பார்த்தேன் என்று
எவ்வளவு நாளாக இவளுக்குத் தெரியும்?