இருபதாம் வளைவுக்கு மேல்

குகையில் என் தகரக்கூரை அறையில்
ஒன்பது தடவை ஓட்டிப் பார்த்தேன்.
ஓடியது.
கறுப்புத் திரையில் பச்சை எழுத்து
"எந்த வாரக் கூலி?" என்று கேட்டது.
பழைய டாஸ். அதற்காக ஓர் எமுலேட்டர்:
இல்லாத கணினியை இருப்பதாக நடிக்கும் வேலை.
உள்ளே தங்குவதை விருந்தாளி என்பார்கள்.
தான் விருந்தாளி என்பது மட்டும்
அதற்குத் தெரியாது.

ஏற்காட்டில், எஸ்டேட் ஆபீசில்,
அதே மடிக்கணினி, அதே கோப்பு, அதே விரல்.
எழுந்த நொடியே விழுந்தது.
பிழை இருநூறு. சுழியத்தால் வகுத்துவிட்டாயாம்.

"சில பேருக்கு மலை ஒத்துக்காதுங்க" என்றார்
ரைட்டர் சவரிமுத்து, சால்வைக்குள்ளிருந்து.
நான் சிரிக்கவில்லை.
வெளியே சனிக்கிழமை. கடைசிப் பறிப்பு முடிந்து
கூடைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல்
நாற்பத்தோரு பேர்.

நினைவகத்தைப் பாதியாக்கினேன். விழுந்தது.
ஒலி அட்டையைக் கழற்றினேன்,
அதாவது கழற்றியதாக ஒரு வரி எழுதினேன்.
விழுந்தது.
பிரிண்டர் வாசலை அடைத்தேன், எலியை விரட்டினேன்,
வட்டுப் படிமத்தை மறுபடி நகலெடுத்தேன்.
ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.
மூன்று மணிக்கு அதையும் மீறி
நான்கை ஒன்றாக மாற்றி
எது எது என்று மறந்து
எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன்.
பழையபடியே விழுந்தது.

"அது சொன்னாத்தான் குடுப்பீங்களா?" என்றாள்
கூட்டத்தில் முன்னால் இருந்த வெள்ளச்சி.
சவரிமுத்து ஒன்றும் பேசாமல்
கோடு போட்ட நோட்டை எடுத்து
பேனாவை உதறினார்.

அப்போதுதான் கேட்டது, கேட்காமல் போன ஒன்று.
குகையில் நாளெல்லாம் இரைகிற விசிறி
இங்கே வாய் திறக்கவில்லை.
அடியில் கை வைத்தேன். சர்ச் தரை போல ஜில்லென்று.

கீழே வெக்கையில் மூச்சிரைத்துத் தன்னைத் தானே
மெதுவாக்கிக்கொண்ட கணினி
மேலே குளிரில் முழு வேகம்.
நிரல் எழுந்ததும் முதலில் எண்ணிப் பார்க்கிறது,
கடிகாரம் ஒருமுறை துடிப்பதற்குள்
எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று.
இவ்வளவு பெரிய விடை வரும் என்று
எழுதியவன் நினைக்கவில்லை. பெட்டி சின்னது.
சுழியம் என்பது பொய்.
கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சோதிக்க வேண்டாமா?
சவரிமுத்துவின் சால்வையைக் கேட்டு வாங்கி
மடிக்கணினிக்குப் போர்த்தினேன்.
சும்மா ஒரு கணக்கைச் சுற்றவிட்டுப் பத்து நிமிடம்.
ஜன்னலில் மூன்று முகங்கள் வேடிக்கை பார்த்தன.
விசிறி இரைந்தது.
"எந்த வாரக் கூலி?"

சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன்.
அமைப்புக் கோப்பில்
'முடிந்த மட்டும்' என்றிருந்த வேகத்தை அழித்து
மூவாயிரம் என்று எழுதினேன்.
ஜில்லென்று இருக்கும்போதே ஓடியது. மூன்று முறை.

அதற்குள் நோட்டில் முப்பத்தாறு பேர் கூலி வாங்கிப் போயிருந்தார்கள்.
அச்சடித்து ஒப்பிட்டோம். பதினோரு ரூபாய் உதைத்தது.
"மிசின் சரிதாங்க" என்றார் ரைட்டர்.
நோட்டை மட்டும் திருத்தவில்லை.

இருட்டில் கடைசிப் பஸ்.
ஆறாம் வளைவு தாண்டியதும்
முகத்தில் சேலத்துக் காற்று அடித்தது.
மடியில் பைக்குள்
மூட மறந்த மடிக்கணினி
மெல்ல இரையத் தொடங்கியது.