இல்லாத நிரல்

கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிய
பிள்ளைகள் குளிக்கிற நீலப் பிளாஸ்டிக் தொட்டி.
அடியில் ஒரு டொல்பின் சிரிக்கிறது.
அதன்மேல் பதினேழாம் எலியை விடுகிறோம்.
நான்கு நிமிடம்.
நான் இந்தப் பக்கம், சாரங்கன் அந்தப் பக்கம்.
எதற்கு மருந்து, எதற்கு வெறும் உப்புத்தண்ணீர்
இருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது.

பூச்சியம்: பின்னங்கால் அசையவே இல்லை.
இருபத்தொன்று: ஒன்றும் நடக்காததுபோல் நடக்கிற எலி.
இடையில்
முழங்கால் மடிகிறதா,
பாதம் புறம் மடிந்து இழுபடுகிறதா,
உள்ளங்கால் நிலம் தொடுகிறதா,
தொட்டால் உடம்பைத் தாங்குகிறதா.

நான் எட்டு என்றேன். சாரங்கன் ஒன்பது என்றான்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில்
ஒரு பாதத்தின் பாரம்.
டொல்பினின் கண்ணை அது மிதித்ததா, வழுக்கியதா என்று
காணொளியைப் பதினொரு தரம் பார்த்தோம்.

காலை ஏழரைக்கும் பின்னேரம் ஐந்தரைக்கும்
வட்டக்கச்சியிலிருந்து சைக்கிளில் வருவா அருமைமலர்.
முள்ளந்தண்டு அடிபட்ட எலிக்குத்
தானாய் மூத்திரம் போகாது;
அடிவயிற்றை விரலால் தேடி, அமத்தி, எடுக்க வேண்டும்.
முதல்நாள் செய்முறை சொல்லப் போனேன்.
படம் கீறின தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டுக்
கையைக் கழுவினா.
எலி துள்ளவில்லை.
"எங்க பழகினீங்கள்?"
"தம்பிக்கு."
எந்த ஆண்டு என்று நான் கேட்கவில்லை.
இங்கே ஆண்டு கேட்கிற ஆட்கள் வெளியூர்க்காரர்.

ஐந்தாம் கிழமை.
பதினேழுக்கு எட்டு, மாற்றமில்லை என்று எழுதினேன்.
கூண்டின் மூலையில் நனைந்த உமியைக் காட்டி
"இது தானாப் போகுது, மிஸ்" என்றா.
"அதுக்கு நிரல் இல்லை அக்கா. நடைக்குத்தான் புள்ளி."

கோபிக்கவில்லை.
"நடக்கிறதை விடுங்கோ.
தம்பிக்கு மூன்று சில்லு வண்டி இருக்கு,
கடை வரைக்கும் போவான், சண்டையும் பிடிப்பான்.
குழாய் இல்லாமல் ஒரு இரவு
படுத்தெழும்ப வேணுமாம்.
அது போதுமாம்."

ஆறாம் கிழமை முடிவில்
எலிகளை உறங்க வைத்து, ஃபோமலின் ஏற்றி,
முண்ணாணை எடுத்தோம். இருபது மைக்ரோன் சீவல்கள்.
வெட்டுமுகத்தில் வண்ணத்துப்பூச்சி தெரியும் என்று
பாடப்புத்தகம் சொல்லும்.
காயத்தின் நடுவில் பூச்சி இல்லை, ஓட்டை.
கரையில் மட்டும் நீலச் சாயம் பிடித்த
நகவெட்டு அளவு விளிம்பு.
எவ்வளவு மீந்ததென்று அளந்துகொண்டிருக்கக்
கரண்ட் போனது.
ஜெனரேற்றர் எழும்பும்வரை
நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
ஓட்டை எதிர்நிறத்தில் கொஞ்சநேரம் நின்றது.

உறை பிரித்தோம்.
பதினேழுக்கு மருந்து.
நடையில், புள்ளிவிபரப்படி, வித்தியாசம் இல்லை.

அன்று பின்னேரம்
அருமைமலரிடம் அவவின் சீஆர் கொப்பியைக் கேட்டேன்.
தரத் தயங்கினா, கையெழுத்து வடிவில்லையாம்.
முதல்நாளிலிருந்து எல்லா எலிக்கும் எழுதியிருந்தது:
அமத்தினது, அமத்தாதது, எத்தனை துளி.
பதினேழுக்கு நேரே இருபத்தொன்பதாம் நாள்
பென்சிலால் ஒரு சரி.
அதற்குக் கீழே, அதே பென்சிலால்,
பருப்பு அரைக்கிலோ,
சவர்க்காரம் ரெண்டு.