ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்

காலை ஆறு மணிக்கு ஏரியில் துளை போடுவது என் வேலை.
துரப்பணம் நீரைத் தொட்டதும் அளவுகோலை இறக்குவேன்.
இன்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்.
எழுதி, கையெழுத்திட்டு,
இரண்டு கொட்டகைக்கும் ஒரே தாளைக் கொடுப்பேன்.

ஆர்யெப்லோக்கில் பிப்ரவரி. மைனஸ் இருபத்தேழு.
இடது கொட்டகையில் மோதெனாக்காரர்கள்.
வலதில் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஆட்கள்.
நடுவில் ஒரு வேலி. முயல் தாண்டும் உயரம்தான்,
ஆனால் வக்கீல்கள் கட்டியது.

இரண்டு காரும் ஒரே வேடத்தில் வரும்:
கறுப்பும் வெள்ளையும் சுழித்த ஒட்டுத்தாள்,
கண்ணை ஏமாற்றவே அச்சடித்தது.
எது தோள், எது இடுப்பு, பிடிபடாது.
ஊரே வாய்பிளக்கும் அழகு என்கிறார்கள்;
எனக்கு இரண்டும் வழிதவறி வந்த வரிக்குதிரைகள்.

ஆட்களை வைத்துத்தான் அடையாளம்.
எர்மெஸ் தன் காரைத் திட்டுவான், தட்டிக்கொடுப்பான்,
எஞ்சின் நாலாயிரம் சுற்றைத் தாண்டினால்
பேச்சை அப்படியே விட்டுவிட்டுத் தலையைச் சாய்ப்பான்.
முன்மூடியில் ஒரு மடிப்பு இருக்கிறதாம்,
காற்றுச்சுரங்கம் அதை வேண்டாம் என்றதாம்.
"காற்று எனக்குச் சம்பளம் தருவதில்லை" என்றான்
பெட்ரோல் பங்கில், வாய் நிறைய ரொட்டியோடு.

வேலிக்கு அந்தப்புறம் கெர்லிண்ட.
நூற்றுநாற்பது சென்சார், ஒரு மடிக்கணினி.
பேட்டரி உறையாமலிருக்க அதைக் கோட்டுக்குள்
கைக்குழந்தை மாதிரி வைத்திருப்பாள்.
அவள் கார் கத்தாது, வாலை வீசாது,
போன தடத்திலேயே ஆறு முறை போகும்.
ஏழாம் முறை நான் கொட்டாவி விட்டேன்.
அதையும் குறித்துக்கொண்டாள் என்றே நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி புயல்.
வலது கொட்டகையின் கூரை பிய்த்துக்கொண்டு போனது.
இடதில் மின்சாரம் இல்லை.
வக்கீல்களைக் கேட்க நேரமில்லை.
பனி ஒதுக்கும் என் டிராக்டர் நிற்கும் ஷெட்டில்
இரண்டையும் தள்ளி ஏற்றினோம்.
நடுவில் ஒரு தார்ப்பாய், மரியாதைக்கு.

இரவு இரண்டு மணிக்கு ஹீட்டரைப் பார்க்கப் போனேன்.
தார்ப்பாயின் தப்பான பக்கத்தில் கெர்லிண்ட.
கையுறையைக் கழற்றியிருந்தாள்.
சுழிகளுக்கு அடியில் எதையோ தேடிப் போன உள்ளங்கை
அந்த மடிப்பில் நின்றது.
விளக்கிலிருந்து கண்ணாடி வரை இழுத்தாள்.
"இருநூறில் மூக்கைத் தூக்கும்" என்றாள்,
என்னைத் திரும்பிப் பார்க்காமல்.
"நுனியில் ஏழு மில்லிமீட்டர் உதடு வைத்தால் அடங்கும்."
பிறகு கையைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோய்
மறுபடியும் இழுத்தாள்.
அந்த இரண்டாம் முறைக்கு அவளிடம் கணக்கு இல்லை.

நான் ஹீட்டரைக் கூட்டிவைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் துளையருகே எர்மெஸ்:
"இந்த அளவுகோலை நம்பியா டிராக்டரை ஏற்றுகிறாய்?"
அதோடு கொஞ்ச நேரம் நின்று கேட்பேன் என்றேன்.
நல்ல ஐஸ் அடித்தொண்டையில் முனகும்.
கெட்டது வாயே திறக்காது.
"இரண்டும் வேறு வேறாகச் சொன்னால்?"
"அன்றைக்கு லீவு."
சிரித்தான். பிறகு மண்டியிட்டு
ஐஸின்மேல் காதை வைத்தான்.
எழுந்தபோது காது வெந்ததுபோல் சிவந்திருந்தது.

ஜூனில் ஏரி தண்ணீராகிவிட்டது.
ஆறு முறை போன தடமும் வாலை வீசிய தடமும்
மீன்களுக்குத்தான் தெரியும்.
பங்கில் ஒரு பத்திரிகை. அட்டையில்
வேடம் கலைந்து, சிவப்பாய், எர்மெஸின் கார்.
மடிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.
நுனியில் மட்டும், நகப்பிறை அளவுக்கு, ஓர் உதடு.

நான் சொல்லவில்லை.
பதினான்கு பக்கம் கையெழுத்துப் போட்டவள் நான்.

சும்மா ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்தேன்,
விளக்கிலிருந்து கண்ணாடி வரை.
டீசல் கை. அட்டையில் கறுப்பாய்க் கோடு.
கல்லாவிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.
நூற்றைம்பது குரோனா கொடுக்க வேண்டியதாயிற்று.