வெறும் குப்பி

மீயொலித் தொட்டிக்கு ஐஸ் வேண்டும்.
காசிமேட்டில் வாங்கி, கோணியில் சுற்றி,
கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயிலுக்கு நின்று
மாடியேறும்போது பாதி என் செருப்பில் இருக்கும்.
மீதியைக் கொட்டினால்
ஆராய்ச்சிக்கூடம் முழுக்க வஞ்சிர வாடை.

சுவிட்சைத் தட்டுகிறேன்.
பெருக்க வந்த தேவகிருபை
முந்தானையால் காதைப் பொத்திக்கொள்கிறாள்.
"இன்னாமா, கொசுவப் போட்டு அரைக்கிறியா?"

கரிக்குழாய்கள்தான்.
கொசுவின் காலைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒல்லி.
ஒன்றையொன்று விடாமல், கட்டுக்கட்டாய்,
டைகுளோரோபென்சீனில் அமிழ்ந்து கிடக்கின்றன.
குமிழி பிறக்கிறது, நொறுங்குகிறது;
நொறுங்கும் புள்ளியில் இமைக்குள் இமையாய்
ஐயாயிரம் டிகிரி.
பத்து நிமிடத்தில் கட்டு பிரியும்.
ஒரு மணியில் குழாயே முறியும்.

இப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்:
குலுக்கக் குலுக்கக் குழாய் உடைந்தது,
எலக்ட்ரான் பாதி வழியில் நின்றது,
மின்தடை ஏழு மடங்கு.
வரைபடமும் சொன்னபடி ஏறியது.

போன சனிக்கிழமை
குழாயே போடாமல் கரைப்பானை மட்டும் குலுக்கினேன்.
ரெஜினாள் நச்சரித்தாள் என்பதற்காக.

அதுவும் நிறம் மாறியது.
முதலில் எலுமிச்சைத் தண்ணி.
மூன்று மணிக்கு டிக்காஷன்.

பிரித்துவைக்க அழைத்து வந்தது
தானே உடைந்திருக்கிறது.
பிசினாய்த் திரண்டு
குளோரினைக் கசியவிட்டு
குழாய்களின் மேல் அப்பிக்கொண்டிருக்கிறது,
எட்டு மாதமாய்.
எட்டு மாதமாய் நான் அளந்தது யாரை?

டிஎம்எஃபில் எடுத்தால் ஒரு எண்,
ஆல்கஹாலில் எடுத்தால் வேறு எண்.
கழுவினேன், உலர்த்தினேன், வெற்றிடத்தில் வைத்தேன்;
ஒட்டியது ஒட்டியதுதான்.
மார்கழியில் ஒரு படலத்தை ஜன்னலோரம் மறந்துவிட்டேன்.
இரவெல்லாம் மணலிக் காற்று.
காலையில் தடை சரசரவென்று இறங்கியிருந்தது.
சிவப்பு மையில் 'பிழை' என்று அடித்துவிட்டு
டீ குடிக்கப் போனவள் நான்.
அந்தப் பக்கத்தைத்தான் இப்போது தேடுகிறேன்.

கீழே கன்டெய்னர் லாரி போகிறது.
மேசை அதிர்கிறது;
மீட்டரின் கடைசி இலக்கம் தள்ளாடி நிற்கிறது.
எழுதிக்கொள்கிறேன்: லாரி, பதினொன்று நாற்பது.

தேவகிருபை கழுவுவதற்குக் குப்பிகளைச் சேர்க்கிறாள்.
பழுப்பு நிறத்தது ஒன்றைத் தூக்கி
லேபிளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.
"'ஒன்றுமில்லை'ன்னு எழுதிகீற.
கொட்டிரட்டுமா?"

"ஐயோ, அத வையி."