கேள்வி எண் ஏழு

சோற்றுப் பார்சல் வாசம் இன்னும் போகாத
ஸ்ரான்லி வீதி மண்டபத்தில்
படிவம் தந்தார்கள், இரண்டு பக்கம்.
ஏழாவது கேள்வி:
கற்க உங்களைத் தூண்டியது எது?
பதவி உயர்வு, சம்பள ஏற்றம்,
மேலாளர் பணிப்பு, சுய ஆர்வம்.
கடைசியில் 'வேறு',
அதற்கு ஒரு பெயர் எழுதவும் போதாத கோடு.

பக்கத்துக் கதிரைக் கேதாரநாதன்
யோசிக்காமல் முதல் பெட்டியில் சரி போட்டார்.
ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம் அவருக்கு.
றெஜினா மூன்றாவதில் போட்டாள்,
தாள் கிழியும் அழுத்தத்தில்.

நான் எழுதக்கூடியது ஒன்று உண்டு:
மருதனார்மடத்திலிருந்து வந்த அந்த மனுசி.
அடகு வைத்த சங்கிலி பெட்டகத்துக்குள்,
அதன் எண் கணினிக்குள்,
கணினி சுழன்றபடி.
திறக்கத் தெரிந்தவர் லீவு.
பத்து மணிக்கு வந்தவ இரண்டு மணிவரை
மீட்கிற காசை லேஞ்சியில் முடிந்தபடி இருந்தா.
ஒரு சொல் ஏசவில்லை.
நல்ல காரணம். வாசிக்கிற அதிகாரிக்குக்
கண்கூடக் கலங்கும்.

ஆனால் அதற்குப் பிறகும்
எட்டு மாதம் நான் ஒன்றும் படிக்கவில்லை.

உண்மை சின்னது.
ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயரூபனிடம் கேட்டேன்,
இதை எப்படிச் செய்யிறது என்று.
'பேந்து சொல்லித் தாறன் அக்கா'
என்றான், மரியாதையாய்.
சொல்லிக்கொண்டே திரையை
மெல்ல, ஒரு சாண்கூட இல்லை,
தன் பக்கம் திருப்பினான்.

கைநூலின் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும்
போனில் படம் பிடித்தேன்.
கோண்டாவிலில் பிள்ளைகள் படுத்த பிறகு
மகனின் அகராதியோடு இருந்தேன்.
கறன்ட் போகும். வரும்.
பிழைச் செய்திகளைப் பால்காரக் கொப்பியின்
பின்பக்கத்தில் எழுதிப் பாடமாக்கினேன்.
சம்பளத்தில் ஒரு சதம் கூடவில்லை.
அவன் லீவு போட்ட ஒரு வெள்ளி
வரிசை நிற்காமல் நகர்ந்தது.
மனேச்சர் கவனிக்கவில்லை.
திங்கள் வந்து ஜெயரூபன் கவனித்தான்.
அது காணும்.

இதற்கு எந்தப் பெட்டி?
கோட்டில் 'ரோசம்' என்று எழுதினேன்.
பிறகு வெட்டிவிட்டுச்
சுய ஆர்வத்துக்குச் சரி போட்டேன்.
சான்றிதழ் தந்தார்கள், என் பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு.

போன கிழமை புதிதாய் வந்த பிள்ளை, மயூரதி,
கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தா.
'அக்கா, இது எப்பிடி?'
நிமிர்ந்து பார்த்தேன்.
என் கை ஏற்கெனவே
திரையின் விளிம்பில் இருந்தது.